பூங்காவன நகரில் விசாரிக்க வந்தவர்

நான் இருக்கும் இங்கிலாந்துக் குடியிருப்பில், தெருவில் சும்மா நிற்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். கையில் நாய் இருந்தால் போதும். குப்பைத்தொட்டியை உள்ளே இழுப்பதுபோல நின்றாலும் சரி. கையை வீசிக்கொண்டு நின்றால் யாராவது வந்து, "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று சிரித்த முகமாகக் கேட்பார்கள். குடிவந்த முதல் வாரம் எதிர் வீட்டு மார்கரெட் அப்படிக் கேட்டபோது, எவ்வளவு நல்ல மனுஷி என்று உருகிப்போனேன். பெயர் ஸ்டெல்லா, ஊர் திண்டுக்கல், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, கணவருக்கு லண்டனில் வேலை, ரயிலில் ஒரு மணி நேரம் என்று முழு ஜாதகத்தையும் ஒப்பித்து, கையில் நாலு முறுக்கும் கொடுத்தனுப்பினேன். நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை என்பதைத்தான் அந்தம்மா அத்தனை இனிப்பாகக் கேட்டிருக்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

விளங்கியதும் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ ஆசை வந்தது. அடுத்த வருடமே அந்தக் குடியிருப்பின் நெய்பர்ஹுட் வாட்ச் என்ற அக்கம்பக்கக் காவல் குழுவில் நானும் சேர்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அடுத்தவரைச் சந்தேகப்படும் உரிமை கிடைத்த அன்று, நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நான் ஊருக்குக் கட்டிக்கொண்டு போனதில் என் தங்கை ரீட்டாவின் கல்யாணம் என்ன பாடுபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கும் உங்களுக்கும் இது உதவலாம்.

எங்கள் வீடு வடமதுரை ரோட்டில், பூங்காவன நகரில் இருக்கிறது. பூங்காவும் கிடையாது, வனமும் கிடையாது. சோளக்காடாக இருந்த இடத்தில் ஒருநாள் கலர்க் கொடிகள் நட்டார்கள், வளைவு வைத்தார்கள், வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து பிரியாணி போட்டார்கள். திண்டுக்கல்லில் மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் வாங்கினார்கள். தினமும் ரயிலில் மதுரைக்குப் போய்வருகிறவர்கள் வாங்கினார்கள். மீதியை எங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள், செல்போன் வீடியோவில் நாலு எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு வாங்கினோம். சில வருடங்களில் ஆரஞ்சும் ஊதாவுமாக மாடி வீடுகள் எழும்பிவிட்டன. இருப்பவர்கள் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார்கள். இல்லாதவர்களின் வீட்டுக் கேட்டில் துரு ஏறிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு இடம் இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! முதலில் தண்ணீர் மோட்டார்கள் போயின. அப்புறம் ஒரு டீச்சரம்மாவின் சங்கிலி. பேப்பரில் நகரின் பெயர் இரண்டு முறை வந்தது. அதோடு சரி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கூட, "அந்த நகரா? பாதி வீடு பூட்டிக் கெடக்கும், வேற ஆட்டோ பாருங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பா காலமான பிறகு, டவுனில் மாதா கோவில் பக்கத்து வாடகை வீட்டில் நிம்மதியாக இருந்த அம்மாவையும் ரீட்டாவையும், சொந்த வீடு சொந்த வீடு என்று நச்சரித்து இங்கே குடிவைத்தவள் நான். அதற்கப்புறம் ரீட்டாவுக்கு வந்த இரண்டு வரன்கள், வீடு எங்கே என்று கேட்ட கையோடு நின்றுபோயின. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

இந்தமுறை ஐந்து வார லீவில் போயிருந்தபோது, கோவில் உபதேசியார் மூலமாக மூன்றாவது வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் சேவியர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் ரீட்டா வாய்விட்டுச் சொன்னாள். "அக்கா, நான் பேசுறப்ப அவரு போனை எடுத்துப் பார்க்கலைக்கா. இது எனக்கு நடக்கணும்." அவள் எதையும் அப்படிக் கேட்டவள் இல்லை. மாப்பிள்ளை வீட்டார், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். விசாரிக்கட்டுமே, நமக்கென்ன பயம் என்றேன்.

அதே லீவில்தான் நான் நகரில் காவல் குழுவையும் தொடங்கியிருந்தேன். இங்கிலாந்து மாதிரியே! வாட்ஸ்அப் குழு, கேட்டில் ஒட்டக் கண் படம் போட்ட ஸ்டிக்கர், விதிகள் நாலு. புது ஆள் தெரிந்தால் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும், என்ன வேலை என்று நிறுத்திக் கேட்க வேண்டும் என்பவை முதல் இரண்டு. மூன்றாவது விதியை நானே யோசித்து, பெருமையாகத் தட்டச்சு செய்தேன். எந்த வீட்டைப் பற்றியும் எந்த அந்நியரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. நாலாவது இப்போது நினைவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணன் சார், மில் சூப்பர்வைசர், "மேடம், இது சூப்பர்" என்று கட்டைவிரல் படம் போட்டார். அம்மா மட்டும், "ஏண்டி, குடியிருக்க வந்தமா, ஜெயிலுக்குக் காவல் இருக்க வந்தமா?" என்றாள்.

நான் கிளம்ப மூன்று நாள் இருந்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குக் குழுவில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர், பாதி முகம் வெயிலில் கரைந்திருந்தது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: வீடு வீடாகக் கேட்கிறார், மூன்றாவது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஆம்பளை உண்டா, எத்தனை மணிக்கு வருவார்கள் என்று.

மூன்றாவது வீடு எங்களுடையது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் கண்ணன் சாரும் ஷிஃப்ட் இல்லாத நாலைந்து ஆண்களும் அந்த மனிதரைச் சுற்றி வளைத்திருந்தார்கள். அறுபது வயதிருக்கும். அவருடைய செல்போன் கண்ணன் சார் கையில் இருந்தது.

"யாரு நீங்க? உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன். மார்கரெட்டைப் போலச் சிரிக்கக்கூட இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. வாடகைக்கு வீடு பாக்கலாம்னு வந்தேனுங்க."

"எங்கிட்ட மனை வாங்கணும்னாரு மேடம்" என்றார் கண்ணன் சார். "எதிர் வீட்டுல தண்ணி எப்படி வருதுன்னு கேட்டாராம். ஆளுக்கு ஒரு கதை."

"மூணாவது வீட்டைப் பத்தி எதுக்குக் கேட்டீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீங்க எந்த வீடுங்க அம்மிணி?" என்றார்.

"அதே மூணாவது வீடுதான்!"

மனிதரின் முகம் செத்துப்போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டார். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட திருடன் இப்படித்தான் நிற்பான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். போலீசைக் கூப்பிடவா என்று கண்ணன் சார் கேட்டார். கூப்பிடுங்க என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை. போலீஸ் என்றதும் அவர் அவசரமாக நகரப் பார்க்க, ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பையிலிருந்து ஒரு படம் கீழே விழுந்தது.

"பொம்பளைப்பிள்ளை போட்டோ வச்சிருக்கான்டா!" என்று ஒரு குரல். அதுவரை இருந்த மரியாதை போயிற்று. ஒரு கை ஓங்கியது. நான் குனிந்து படத்தை எடுத்தேன். நீலப் புடவையில் ரீட்டா. எங்கள் கேட்டு முன்னால் நிற்கவைத்து நானே எடுத்த படம். பின்னால் அம்மாவின் கையெழுத்தில் அவளுடைய வயது, படிப்பு, வேலை பார்க்கும் பள்ளி, ஞானஸ்நானம் பெற்ற கோவில்.

"ஐயோ, விடுங்க! கையை எடுங்க!" என்று கத்தினேன். "எங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க!"

ஓங்கிய கைக்குரியவர் அதைத் தன் தலைமுடிக்குக் கொண்டுபோய்ச் சீவிக்கொண்டார். கண்ணன் சார் போனைக் கொடுத்துவிட்டு, பெரியவருடைய சட்டைப் பித்தானைத் தானே போட்டுவிட்டார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நானா இதை அறியாதவள்? பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வருகிறவர், அதற்குத்தான் வந்தேன் என்று சாகும்வரை சொல்ல மாட்டார். காதும் காதும் வைத்தாற்போல வந்து, வீடு வாடகை, மாடு விலை என்று ஏதாவது பேச்சுக்கொடுத்து, தெருவின் வாயைக் கிண்டுவார். சொல்லிவிட்டால் ஜனங்கள் ஜோடித்துப் பேசுவார்கள் அல்லவா? டவுனில் எங்கள் பழைய தெருவில் இப்படிப்பட்டவர்களை நான் சிறுமியாக எத்தனை முறை பார்த்திருக்கிறேன். தெரு முனையில் திரும்பும்போதே பெண்களுக்குத் தெரிந்துவிடும். தெரியாததுபோல மோர் கொடுத்து உட்காரவைப்பார்கள். நான் கல்யாணத்துக்கு நின்றபோதும் ஒருவர் வந்தார். நாலு வீட்டுக்காரிகள், ஸ்டெல்லாவா, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம் என்று சொல்லித்தான் என் கல்யாணம் நடந்தது. நீண்ட வாயைக்கூட மறைக்கவில்லை பாருங்கள், அதனால்தான் மீதியை நம்பினார்கள். அப்படிக் கல்யாணம் ஆனவள்தான் மூன்றாவது விதியை எழுதினேன்.

அவர் சேவியருடைய தாய்மாமன், பெயர் சூசை. எங்கள் வீட்டுக்கு வர மறுத்தார். அம்மா வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பிடிச்சு வச்சதுல எனக்குக் கோவமில்லீங்க" என்றார். "திருட்டு நடக்குற எடம், பாக்கத்தான் வேணும். ஆனா ஆறு வீட்டுல கேட்டேனுங்க. நல்ல புள்ளைன்னும் சொல்லலை, கெட்ட புள்ளைன்னும் சொல்லலை. அப்படி ஒரு புள்ள இருக்குதான்னே தெரியாதுங்கிறாங்க. நான் எங்க அக்காகிட்டப் போயி என்னன்னுங்க சொல்றது?"

நான் என் விதியைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் சொல்லக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சு சொல்லாம இருக்குற மொகம் எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. மண்டியில அதுதான் பொழப்பு. இவங்களுக்கு நெசமாவே தெரியலீங்க." எழுந்துகொண்டார். "வர ஞாயித்துக்கெழமை என் சம்சாரம் ஒருக்கா வந்து கேப்பா. அவளுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா, மனசுல வச்சுக்காதீங்க, விட்டுருவோமுங்க."

சாயங்காலம் ரீட்டா வந்தாள். சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கைப்பையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லா வீட்டுக்கும் நான் போயிச் சொல்லிட்டு வாரேன்டி" என்றேன்.

"என்னன்னு?"

"நீ நல்ல பொண்ணு, யாராச்சும் கேட்டா சொல்லுங்கன்னு."

"பரீட்சைக்கு விடை எழுதிக் குடுக்கப் போறியா? நான் டீச்சருக்கா. பிட்டு எதுன்னு பார்த்தாலே தெரியும்." கைப்பையைக் கழற்றி வைத்தாள். "உன்னை மட்டும் சொல்லி என்ன? நாலு வருசமா இருக்கேன். எதிர் வீட்டுக்காரவுக பேரு எனக்கும் தெரியாது. கேட்டைத் தொறந்து, கேட்டைச் சாத்தி, அம்புட்டுத்தான். ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு நாள் இருக்கு. நான் போறேன். நீ வராத. நீ வந்தா சட்டம் போட வந்திருக்காகன்னு பயந்துக்கிருவாக."

முகம் கழுவிக்கொண்டு இறங்கினாள். நான் மாடியில் நின்று பார்த்தேன். எதிர் வீட்டுக் கேட்டில் அவள் கை வைத்தாள், எடுத்தாள், திரும்பவும் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, கேட்டைத் திறக்காமலே ஏதோ கேட்டார். ரீட்டா எங்கள் வீட்டைக் கைகாட்டிச் சொன்னாள். கடைசியில் கேட்டு திறந்தது. வெகுநேரம் கழித்து, ஒரு கிண்ணத்தில் கத்திரிக்காய் வெஞ்சனத்தோடு திரும்பினாள். எதிர் வீட்டு அக்கா பெயர் சாந்தி, மில்லில் வேலை, மகன் கணக்கில் முட்டை வாங்குகிறான் என்றாள். கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லையாம். மறுநாள் அடுத்த வீடு. வியாழக்கிழமை இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. நான் குழுவிலிருந்து அந்த மூன்றாவது விதியை நீக்கினேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நான் விமானம் ஏறிவிட்டேன்.

ஞாயிறு முழுக்க இங்கே போனைக் கையிலேயே வைத்திருந்தேன். முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவருக்கு மாத்திரை கொடுக்கும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவரே, ஆர் யூ ஆல்ரைட், லவ் என்று கேட்டுவிட்டார். திங்கள்கிழமைதான் ரீட்டா கூப்பிட்டாள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"சரின்னுட்டாகக்கா!" என்றாள். சூசையின் மனைவி முதலில் போனதே எதிர் வீட்டுக்குத்தான். சாந்தி, தான் சொன்னதை மறுநாளே ரீட்டாவிடம் வந்து ஒப்பித்திருக்கிறார். "நாலு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாது, திமிருன்னு நெனச்சேன். இந்த வாரம்தான் பேசுச்சு. என் மகனை உக்கார வச்சுப் பின்னக் கணக்குப் போட வச்சிருச்சு. இன்னமும் கூச்சம் போகல." இதைத்தான் சொன்னாராம். சூசையின் மனைவிக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

நான் இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு, "என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாகளா?" என்றேன். ஆசை யாரை விட்டது!

ரீட்டா சிரித்தாள். "கேட்டாக. மாமாவைப் பிடிச்சு வச்சது யாரு, பொண்ணுக்குச் சொந்தமான்னு. சாந்தியக்கா, அது யாரோ விருந்தாளிங்க, ஒரு மாசம் இருந்துச்சு, போயிருச்சுன்னுட்டாக." நானும் சேர்ந்து சிரித்தேன். நான் கட்டிய வீடு, என் பெயரில் இருக்கும் வீடு. ஆனாலும் சாந்தி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நேற்று ரீட்டாவிடமிருந்து மறுபடி போன். அச்சகத்தில் நிற்கிறாளாம். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "அக்கா, பத்திரிகைல பேரு போடுறாக. அம்மாவுக்கு பூங்காவன நகர்னு போட்டாச்சு. உன் பேருக்குக் கீழ எந்த ஊரு போட? அச்சாபீஸ் அண்ணன் நிக்கிறாரு, சீக்கிரம் சொல்லு."

திண்டுக்கல் என்று சொல்ல வாய் வந்தது. அப்புறம் இந்த ஊர்ப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பூங்காவன நகர் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

"பேரு மட்டும் போடு" என்றேன்.