தேர்வாளர் வூட்டுக்குக் கொண்டுபோன புளி

மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தொப்பூர்க் கணவாயில் மாட்டுவண்டி ஓட்டித்தான் மேலே வந்தேன். முப்பது வயசுக்குள் நல்லம்பள்ளிப் பக்கத்துப் புளி முக்கால்வாசி என் கை பட்டுத்தான் வெளியே போகும். எத்தனை மூட்டை பேசினாலும் சீட்டு எழுதினது கிடையாது. நான் சொன்னால் சொன்னதுதான் என்று சந்தையே ஒத்துக்கொண்டது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

எங்கள் ஊரிலிருந்து எம்.ஏ. படிக்கப் பட்டணம் போன முதல் ஆள் என் தம்பி. அனுப்பினது நான். அங்கே சேர்ந்ததும் சட்டதிட்டம் என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்களாம். லீவுக்கு வந்தவன் படித்துக் காட்டினான். விடுதியில் எப்படி நடக்க வேண்டும், எந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்தது. தேர்வாளரை மாணவனோ, அவன் அனுப்பி வேறு ஆளோ போய்ப் பார்த்தால் பரீட்சை கிடையாது என்று ஒன்று.

"மீசை முளைச்ச ஆம்பளைக்கு இத்தனை மூக்கணாங்கயிறா?" என்றேன்.

"சிரிக்காதண்ணே. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றான்.

மறு வருஷம் பங்குனியில் அவனுக்குக் கடைசிப் பரீட்சை. தன் பேராசிரியர் சொந்தப் புத்தகங்களையே தந்து உதவுகிறார், தேர்வாளர்களில் அவரும் ஒருவர் என்று மாசியில் எழுதியிருந்தான். நம்ம பையனுக்கு இவ்வளவு செய்கிற மனுஷனை ஒரு எட்டுப் போய்ப் பார்க்காவிட்டால் நான் என்ன அண்ணன்? கொட்டை நீக்கின புதுப்புளி ஒரு கூடை, வத்தல்மலைத் தேன் ஒரு டின். மொரப்பூரில் ரயிலேறினேன். தம்பிக்குச் சொல்லவில்லை.

பேராசிரியர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"நம்ம காட்டுப் புளிங்க. வெறுங்கையோட ஒருத்தர் வூட்டுப் படி ஏறிப் பழக்கமில்லீங்க."

"உங்க தம்பிக்கு இது தெரியுமா?"

அங்கேதான் என் வாய் கெட்டது. தம்பி நன்றி தெரிந்தவன் என்று அவர் நினைக்கட்டுமே என்று, "அவந்தானுங்க குடுத்துட்டு வரச் சொன்னான். நேர்ல வரக் கூச்சம்" என்றேன்.

"எடுத்துட்டுப் போயிடுங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். வாசற்படி ஓரம் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரத்தில் விசாரணைக்கு வரச் சொல்லித் தந்தி வந்தது. பல்கலைக்கழகத்தில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். பேராசிரியர் எழுதிக் கொடுத்த காகிதம் அவர்கள் முன்னால். தம்பி சுவரோரம் நின்றான். என் கூடையும் அங்கேதான் இருந்தது, சாட்சி மாதிரி.

"தம்பி அனுப்பித்தானே போனீங்க?"

"இல்லீங்க. நானாப் போனேன். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவர்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுங்க பேச்சுக்கு? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?"

சந்தையில் செல்லுபடியான என் சொல் அந்த மேஜையைத் தாண்டவில்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தம்பி பரீட்சை எழுதக் கூடாது, விடுதியை விட்டும் போக வேண்டும் என்று தீர்த்துவிட்டார்கள். ஒரு கூடைப் புளிக்கு ஒருவனுடைய படிப்பா? பேராசிரியர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவர் எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பொய் என்னுடையது.

வெளியே வந்து தம்பி கேட்டது ஒன்றுதான். "என் பேரை இழுக்காம உனக்கு ஒரு வார்த்தை பேச வராதாண்ணே?"

பிறகு அவன் பரீட்சைப் பக்கமே போகவில்லை. வெளியூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். கடிதம் நின்றது. நாலு வருஷம் கழித்து என் மகள் கல்யாணம். ஊரே பேசின கல்யாணம், மாரண்டஹள்ளிவரை வண்டி வரிசை. அவனும் வந்தான்.

சித்தப்பன் சீர் கொண்டுவருவான் என்று பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. நேரே என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"ஒண்ணும் கொண்டாரலண்ணே" என்றான். பெண்ணை ஆசீர்வாதம் செய்துவிட்டு, சாப்பிடாமல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.