பந்தயக் காருக்கு டியூப் போட்ட கதை

பருத்திக்கு மருந்தடிக்கிற டியூப்பைக் கொண்டுபோய்ப் பந்தயக் காரில் மாட்டியவன் இந்தப் பக்கத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அந்தத் தப்பால் எனக்குக் கிடைத்த மனிதர்கள் அப்படி.

அருப்புக்கோட்டையில் பம்ப்செட் வேலை பார்க்கிறவன் நான். படித்து வந்த தொழில் இல்லை, பிரித்துப் பிரித்து மாட்டியே வந்தது. என் கூட்டாளி தறிக்காரன். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மாப்பிள்ளை. பகலெல்லாம் தறிச் சத்தத்துக்குள் கிடப்பவனுக்கு நாற்பது வயசுக்கு மேல் மண் பந்தயத்தில் கார் ஓட்டும் ஆசை வந்தது. பழைய கார் ஒன்றை வாங்கிப் பின் சீட்டைக் கழற்றினான். ஓட்டுகிறவனைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு வைத்தான். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் போனது. அங்கிருந்து முன்னால் இருக்கிற எஞ்சினுக்குப் புதிதாக லைன் இழுக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பந்தயம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அண்ணே, பெட்ரோலு இவுக முதுகுக்குப் பின்னாடி இருக்கு. ஒங்க வாயால சரின்னு சொன்னாத்தான் இவுக ஏறணும். சொல்லலைன்னா வண்டி கெடக்கட்டும்."

"பாத்தியா மாப்ள, கட்டுனவன நம்ப மாட்டா," என்றான் அவன்.

"ஒங்களுக்கு வண்டி மேல ஆசை. அண்ணனுக்கு ஒங்க மேல ஆசை," என்றாள்.

மருந்தடிக்கிற டியூப் ஒரு சுருள் என் கடையிலேயே கிடந்தது. மூன்று அடுக்கு, நடுவில் நூல் பின்னல். எங்கள் பக்கத்தில் கெட்டியான டியூப் என்றால் அதுதான். காட்டில் மாடு மிதிக்கும், டிராக்டர் ஏறும், ஒன்றும் ஆகாது. ஒரு முனையை அடைத்து, ஸ்பிரேயர் பம்பால் தண்ணீர் ஏற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. காருக்கடியில் இழுத்துக் கிளிப் போட்டு முறுக்கிவிட்டு, தங்கச்சியிடம் போய், "சரி தாயி" என்றேன். அந்த வார்த்தை அன்றைக்கு வாயில் எவ்வளவு லேசாக வந்தது!

பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு தரிசில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு சுற்று பறந்தது. மூன்றாவதில் விக்கி விக்கி நின்றது.

"உக்காந்துருச்சு மாப்ள!" என்று கத்தினான்.

டேங்க் அழுக்காக இருக்கும் என்று பில்டரைக் கழுவினேன். மறுநாளும் மூன்றாவது சுற்றில் அதே விக்கல். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, அதுக்குப் பசியா தாகமான்னு மொதல்ல பாருங்கப்பா," என்றார்.

சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. தாகம். எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை.

டியூப் சைஸ் பத்தவில்லையோ என்று, மிச்சமிருந்ததில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். டியூப்பும் மூட்டும் மட்டுமே விற்கிற கடை ஒன்று எனக்குத் தெரியும். கடைக்காரர் துண்டை வாங்கி வளைத்துப் பார்த்தார். எத்தனை அடி, என்ன சைஸ் என்று கேட்பார் என்று நின்றேன்.

"இதுக்குள்ள என்னண்ணே ஓடுது?"

"பெட்ரோலு. பந்தயக் காருக்கு."

"பம்பு எங்க இருக்கு?"

"முன்னால, எஞ்சின்ல."

"அப்ப இது தள்ளுற லைனா, உறிஞ்சுற லைனா?"

"உறிஞ்சுறது," என்றேன். எத்தனை கிணற்றில் வேலை பார்த்திருப்பேன்! உறிஞ்சுகிற பக்கத்துக்கு எவனாவது மெத்தென்ற டியூப்பைப் போட்டால் திட்டுகிற முதல் ஆள் நான்தான். மோட்டார் இழுக்கிற இழுப்பில் சப்பிப்போகும். கிணற்றில் தெரிந்தது காரில் தெரியவில்லை.

"இது மருந்துத் தண்ணிக்குப் பண்ணுனது," என்றார் கடைக்காரர். " பெட்ரோலு இதத் தின்னுரும். நான் சொல்றேன்னு நம்ப வேணாம். ஒரு துண்ட பாட்டில்ல பெட்ரோல் ஊத்திப் போட்டு வைங்க. பாத்துட்டு வாங்க. பந்தயம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"அப்ப நாளு கெடக்கு."

அந்த நிமிஷமே நல்ல டியூப் பத்தடி வெட்டிக் கொடுத்து என்னை அனுப்பியிருக்கலாம். நானே கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தாரே, அதற்கு இன்றும் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மறுநாள் பாட்டிலில் பெட்ரோல் மஞ்சளாகியிருந்தது. துண்டு கொழகொழத்து, உள்தோல் தனியாகக் கழன்றது. எடுத்து வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் வளைத்தால் முறிகிற மாதிரி விறைத்துவிட்டது. இரண்டு நாள் இதை வைத்துத்தான் அவன் ஓட்டியிருக்கிறான்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தாயி, நான் சரின்னு சொன்னது தப்பு. சூடான சைலென்சர் பக்கத்துல இது முறிஞ்சிருந்தா..." பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பாட்டிலையே பார்த்தாள்.

"சொல்லாம கொள்ளாம மாத்தியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாண்ணே?"

"தெரியாது தாயி."

"பெறகென்ன? ஒக்காருங்க, சாப்ட்டுப் போவீக."

கத்திரிக்காய்க் குழம்பு. என் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக, அவ்வளவு தலைகுனிந்து நான் சாப்பிட்டதில்லை.

இரண்டாம் தடவை மதுரைக்குக் கூட்டாளியும் வந்தான். கடைக்காரர் சொன்ன ஏற்பாடு இது: காருக்கடியில் நீளத்துக்கு உலோகக் குழாய், சைலென்சரை விட்டு எட்டி. இரண்டு முனையிலும் எஞ்சின் ஆடுகிற ஆட்டத்துக்கு மட்டும் பெட்ரோலுக்கென்றே செய்த டியூப் ஒரு சாண். குழாயின் வாய் கூம்பாக விரிந்து, மூட்டின் கூம்போடு சேர்கிற வகை. நான் பம்ப்செட் பழக்கத்தில் டேப் கேட்டேன், கசியாமல் மூட்டின் மரையில் சுற்றத்தான். கடைக்காரர் கையை ஆட்டினார்.

"சுத்தாதீக. பிசிறு உள்ள போயி கார்புரேட்டர அடைக்கும். மரை இறுக்கிப் பிடிக்கத்தான். கசியாம காக்குறது கூம்பு. கூம்பு மேல கூம்பு உக்காரணும்."

"நூலோ டேப்போ சுத்தாம எங்க ஊர்ல ஒரு வேலை உண்டாண்ணே!" என்றான் தறிக்காரன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவர் சொன்ன 'உக்காரணும்' பிடித்துப்போனது. எங்கள் பேச்சில் வண்டி கெட்டு நின்றாலும் உக்காந்துருச்சு, மூட்டு கச்சிதமாகப் பொருந்தினாலும் உக்காந்துருச்சு. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயச் சோதனைக்காரர் காருக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தச் 'சரி'யைச் சும்மா சொல்வதாக இல்லை. எஞ்சினை ஓடவிட்டேன். வெள்ளைத் துணியால் முதல் மூட்டைத் துடைத்து, முகர்ந்தேன். பிறகு துணியை அவளிடம் நீட்டினேன்.

"நீயே பாரு தாயி."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு மூட்டாகத் துடைத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"பொண்ணு பாக்குறீகளா ரெண்டு பேரும்? அங்க கூப்புடுறாக!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான்.

"கூப்புடட்டும்," என்றாள். கடைசி மூட்டுவரை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "எனக்குச் சரிண்ணே. ஒங்களுக்கு?"

"எனக்கும் சரி தாயி."

அவன் ஏறினான். ஒரு விக்கல் இல்லாமல் எல்லாச் சுற்றும் ஓடி ஆறாவதாக வந்தான். புழுதியில் புருவம் வெளுத்து இறங்கியவனுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு பந்தயம் இருக்காம்லண்ணே. நடுவுல வண்டி சும்மாவே வெயில்ல நிக்கும். அந்த ஒரு சாண் டியூப்பு எத்தன நாளைக்குத் தாங்கும்?"

இத்தனை வருஷத்தில் வேலை கொடுத்த ஒருவர்கூட என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரியாது என்றேன். கடைக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.