மகள் மறுத்த சென்னைக் கல்லூரி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. படித்தவர்கள்தான் என்னிடம் வந்து, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று கைகட்டி நிற்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் ராடு தூக்கும் கூலியாளாகத் தொடங்கியவன், இன்றைக்குச் சொந்தமாக இரண்டு வண்டி ஓட்டுகிறேன். காரைக்குடியிலிருந்து சிவகங்கை வரை நான் போட்ட போர் தண்ணீரில் குளிக்காத அதிகாரிகள் குறைவு. இத்தனை செய்தவனுக்குப் பெற்ற மகளிடமிருந்து ஒரு பதில் வாங்க ஒன்றரை மாதம் ஆனதென்றால், எரிச்சல் வருமா வராதா?

மகள் உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் முதல் வருடம் முடித்திருந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண். அது என் மூளை; அவள் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். சென்னையில் பெரிய பெயருள்ள கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருடத்துக்கு இடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, அவளே எழுதிப்போட்டாள். சேர்ந்துகொள்ளலாம் என்று கடிதமும் வந்தது. அங்கே சீட்டுக் கிடைப்பது லேசு இல்லை என்று என் மச்சினனே சொன்னான். மனைவியின் தம்பி, டிகிரி வாங்கி அரசாங்க வேலையில் இருப்பவன், என்னைப் பெரிதாக மதிக்காதவன். அவன் வாயால் அது வந்த பிறகு எனக்குக் கால் தரையில் நிற்குமா?

எங்கள் பக்கம் காது குத்தினாலும் பிளெக்ஸ், கார் வாங்கினாலும் பிளெக்ஸ். மறுநாளே செக்காலை ரோட்டில் என் ஆபீஸ் வாசலில் பத்தடிக்கு எட்டடி கட்டிவிட்டேன். ‘சென்னைக் கல்லூரிக்குச் செல்லும் எங்கள் குலவிளக்கே’ என்று மேலே கொட்டை எழுத்து, நடுவில் அவள் படம், ஓரத்தில் என் படம். என் படம் கொஞ்சம் பெரிதாகப் போனது அச்சடித்தவன் செய்த வேலை.

மகள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அதை அண்ணாந்து பார்த்தாள்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளாப்பா?”

அவ்வளவுதான். அதன்பின் எப்போது கேட்டாலும் “பாக்கலாம்ப்பா” என்றாள். சாப்பிடும்போது பாக்கலாம், காரில் போகும்போது பாக்கலாம். டீக்கடையில் ஆள் மாற்றி ஆள், பிள்ளை எப்போது கிளம்புகிறது என்று கேட்கிறார்கள். மனைவியைக் கேட்டால், அவள் முடிவை அவள் எடுக்கட்டும் என்கிறாள். இத்தனை பெரிய கல்லூரி கூப்பிட்டும் யோசிக்கிற பிள்ளையை நான் எங்கேயும் கண்டதில்லை.

சேர்வதற்குக் கடைசி நாள் நெருங்கியதும், இனிப் பொறுப்பதில்லை என்று அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு டிசி வாங்க உள்ளூர்க் கல்லூரிக்கே போனேன். கல்லூரி ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மா படிவத்தைக் கொடுத்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

“கையெழுத்துப் போட்டுட்டா இந்த சீட்டு திரும்பக் கிடையாதுங்கய்யா,” என்றார் அவர். “அங்குட்டு எத்தனை பேப்பரை ஏத்துக்கிடுறாகன்னு கேட்டீகளா?”

ஹாஸ்டலைக் கேட்டிருந்தேன், சாப்பாட்டைக் கேட்டிருந்தேன். இதைக் கேட்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தேன். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். இங்கே எழுதிய பத்துப் பேப்பரில் நாலைத்தான் அங்கே ஒப்புக்கொள்வார்களாம். மீதி ஆறையும் இரண்டாம் வருடப் பாடத்தோடு சேர்த்துப் புதிதாக எழுத வேண்டுமாம். மூன்று வாரம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“எப்படிப்பா சொல்றது? ஊரெல்லாம் பாக்குற மாதிரி கட்டி வச்சிருக்கீக. நான் போகலன்னா, மாமா உங்களைத்தானே பேசுவாக.”

இருந்தாலும் விடவில்லை, போக ஆசை இல்லையா என்று கேட்டேன்.

“ஆசதான். ஆனா முந்நூறு அடி போனப்புறம் பாயிண்ட்ட மாத்தச் சொன்னா, பார்ட்டிகிட்ட நீங்க என்ன சொல்லுவீக?”

லீவு நாளில் என் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுத்தவள் அல்லவா, எல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள். போர் போடச் சொன்ன பார்ட்டிகள் பாதிக் குழியில் பயந்துபோய், பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறது, வண்டியை அங்கே நகர்த்து என்பார்கள். புது இடம் என்றால் மறுபடி மேல்மண்ணிலிருந்து தொடங்க வேண்டும், பொறுங்கள், இன்னும் நாலு ராடு இறக்கிப் பார்ப்போம் என்பேன்.

“அங்க தண்ணி நிச்சயம்டி,” என்றேன்.

“இங்கயும் ஈரம் தட்டிருச்சேப்பா.”

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கி உள்ளே வைத்தார்.

பிளெக்ஸை அன்றைக்கே அவிழ்த்து, மழைக்குப் போர் வண்டியின் கம்ப்ரஸர் மேல் மூடினேன், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அவன் வருவான் என்று தெரியும்.

“என்ன மச்சான், மெட்ராஸ் வண்டி கிளம்பலையா?”

“கூப்பிட்டாக. என் மக வேணாம்னு சொல்லிட்டா,” என்றேன். “மெட்ராஸ் காலேஜையே வேணாம்னு சொன்ன பிள்ள உங்க வகையறாவுல ஒண்ணு காட்டு.”

“அதுக்கும் ஒரு பிளெக்ஸ் கட்டிராதீக,” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. மச்சினன் சிரித்தான், மகளும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதத்தை மூன்று வாரம் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, என் மானத்துக்காக அவள் தனியாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். வந்து சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? நினைத்தால் இப்போதும் எரிகிறது.