கடலுக்குப் போய்வரும் வண்டி

எங்கள் வலியசாலைத் தெருவில் யாராவது தவறிப்போனால், புரோகிதருக்கு அடுத்தபடியாகச் சொல்லி அனுப்புவது சாம்பசிவனுக்குத்தான். அஸ்தி கரைக்கச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகவேண்டுமே. மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா? ஆட்டோக்காரர்களில் சிலர் பானையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிப்பார்கள். சாம்பசிவன் ஒன்றும் சொல்லமாட்டார். தம்முடைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

ஆனால் அவர் அந்த வண்டியை வாங்கியது இதற்காக அல்ல. மனைவி விஜயத்துக்காக வாங்கினார்.

விஜயத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ளவேண்டும். அது முடிந்து வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். ஒருநாள் ஆட்டோவில் வரும்போது குலுக்கலில் பிரஷர் இறங்கி நினைவு தப்பிவிட்டது. சாம்பசிவன் அப்போது கிழக்கேகோட்டையில் ஒரு லாட்ஜின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். லாட்ஜை மூடியபோது கையில் கிடைத்ததைக் கொண்டு இந்தப் பழைய காரை வாங்கினார். விஜயம் பின்சீட்டில் கால் மடக்கிப் படுத்துக்கொள்ளலாம். ஒரு முறை தவறினால் அவளுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டும். ஆகையால் வண்டி ஓடவேண்டும். சாம்பசிவன் பகவானிடம் இதைத்தவிர வேறு எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

அந்த வண்டியில்தான் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. சாவியைத் திருப்பினால் எரியும், வண்டி கிளம்பினால் அணைந்துவிடவேண்டும். இது அணையவில்லை. முதலில் பார்த்தவள் விஜயம்தான்.

“ஏன்னா, இதென்ன இன்னும் எரியறது?”

“அது சும்மா.”

“சும்மா எரியறதுக்கு அதென்ன கோவில் விளக்கா?”

கரமனையில் பிஜுவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். பிஜு பாறசாலைப் பக்கத்துப் பையன். கைராசிக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டான். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான்.

“ஆக்சிஜன் சென்சாராக்கும் காட்டுது, சாமி. மாத்திரலாம். ஒண்ணும் பயப்படாண்டாம், கேட்டியளா?”

மாற்றினான். விளக்கு அணைந்தது. சாம்பசிவன் அன்றைக்கே கோவிலில் தேங்காய் உடைத்தார். அடுத்த வாரம் மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை ஸ்கேனர் வேறொரு சென்சாரைச் சொல்லிற்று. அதையும் மாற்றினார்கள். பிறகு பேட்டரி. அதற்குப் பிறகு வண்டி தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், திறந்துகொள்ளும். மழையே இல்லாதபோது வைப்பர் ஆடும். கிழக்கேகோட்டை சிக்னலில் மாலை போட்ட ஐயப்பன்மார் கூட்டமாகக் குறுக்கே போகும்போது ஹார்ன் தானாகவே நீட்டி அடித்தது. ஒருவர் திரும்பி நின்று, “எந்தா சாமீ, எங்க தலைக்கு மேலே கூடி பறந்து போகணுமோ?” என்று கேட்டார். சாம்பசிவன் கையெடுத்துக் கும்பிட்டார். ஹார்ன் நிற்கவில்லை. பின்சீட்டில் விஜயம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்ததால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பெல்லாம் பாளையம் ஏற்றத்தில் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இன்ஜின் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் அலறின. ஒரு போலீஸ்காரரும் பழக்கடைக்காரர் இருவரும் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் விஜயத்தின் மெஷினை இன்னொருவருக்குப் போட்டிருந்தார்கள். நர்ஸ் ஆர்யா நல்ல பெண்தான். அவள்கூடச் சொல்லிவிட்டாள்: “மாமி, இனி லேட் ஆனா டாக்டர் சாரு சமயம் மாத்திடுவாரு. ராத்திரி ஷிஃப்ட்தான் கிடைக்கும். எனிக்கு ஒண்ணும் செய்ய முடியாது.”

விஜயம் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. சாம்பசிவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வார்?

காரணத்தைக் கண்டுபிடித்ததும் விஜயம்தான். ஓரத்தில் விட்டிருந்த வண்டி, திரும்பும்போது ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பிற்று. அதில் வரும்போது மாத்திரை அட்டை கீழே விழுந்துவிட்டது. எடுக்கக் குனிந்தவள், “ஏன்னா, கீழே ஈரமா இருக்கே” என்றாள்.

“தண்ணி பாட்டில் கொட்டியிருக்கும்.”

“எனக்குக் குடிக்கவே அளவு பார்த்துக் கொடுக்கறேள். கொட்டறதுக்கு ஏது?” கையை மோந்து பார்த்தாள். “கடல் வாசனை அடிக்கறது.”

மறுநாள் பிஜு பின்சீட்டைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த விரிப்பைத் தூக்கினான். அதற்கு அடியில்தான் வண்டியின் முன்னாலிருந்து பின்னால்வரை வயர்கள் கட்டாகப் போகின்றன. அவற்றின் இணைப்புகளெல்லாம் பச்சைப் பாசி பிடித்தமாதிரி இருந்தன. எர்த் வயர் போல்ட்டைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இதாக்கும் காரியம்! சென்சாருக்கு ஒரு கேடும் இல்லே. இங்கே கரண்டு சரியாப் போகாததுனால அது வாயில வந்ததச் சொல்லுது. நானும் நம்பி மாத்தினேன். என்ன சாமி, வண்டியக் கடல்ல இறக்கினியளா?”

“வண்டியை இறக்கலை, பிஜு. மனுஷாளை இறக்கினேன்” என்றார் சாம்பசிவன்.

எங்கள் தெருவில் வழக்கம் அப்படி. அஸ்தியைக் கரைத்தவர் கடலில் முழுக்குப் போட்டு, உடுத்த துணியைப் பிழியாமல் அப்படியே வீட்டுக்கு வரவேண்டும். வாசலில் கால் அலம்பிய பிறகுதான் ஈரம் மாற்றலாம். எத்தனை பேர் அந்தப் பின்சீட்டில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து வந்திருப்பார்கள்! சீட்டு வெயிலில் காய்ந்துவிடும். அடியில் இறங்கிய உப்புத் தண்ணீர் காயவே இல்லை.

“அடி வயரிங் மொத்தமும் மாத்தணும். ஒரு மாசம் வண்டி இங்கே கிடக்கணும்” என்றான் பிஜு.

“ஒரு மாசமா? செவ்வாயும் வெள்ளியும் அவளை எப்படிக் கொண்டுபோறது?”

பிஜு தலையைச் சொறிந்தான். இருப்பதைச் சுரண்டித் துடைத்துக் கட்டிக் கொடுத்தான். “தற்காலத்துக்கு ஓடும். ஆனா இனி ஒரு சொட்டுக் கடல்தண்ணி உள்ளே விழப்படாது. ஒண்ணுகில் துணி மாத்தச் சொல்லணும், அல்லெங்கில் பிளாஸ்டிக் விரிக்கணும். சத்தியமாக்கும் சொல்லுதேன்.”

இனிமேல் கடற்கரைக்குப் போவதில்லை என்று சாம்பசிவன் விஜயத்திடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே கோமதியம்மாள் போய்ச் சேர்ந்தாள். நான்கு வீடு தள்ளி இருந்தவள். விஜயம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் இவர்கள் வீட்டுச் சமையலையும் சேர்த்துச் செய்துகொடுத்தவள் அவள்தான். ஒரே பிள்ளை வினய் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். வாசலில் வந்து நின்றான்.

“மாமா, அம்மாவை நாளைக்குக் காலம்பற...”

சாம்பசிவன் விஜயத்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரேன்டா” என்றார்.

போவதற்கு முன் சாலைக்கடையில் நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, சீட்டிலிருந்து தரைவரை விரித்தார். கடற்கரையில் வினய் முழுக்குப் போட்டுவிட்டு வந்தான். மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கதவருகே வந்தவன் தார்ப்பாயைப் பார்த்து நின்றுவிட்டான்.

“மாமா, வண்டி அழுக்காயிடும் இல்லே? நான் நடந்தே வந்துடறேன்.”

“அழுக்கு இல்லைடா குழந்தே...”

எர்த் வயர், உப்பு என்று இந்த நேரத்தில் இந்தப் பிள்ளையிடம் எப்படி விளக்குவது? விஜயத்தின் டயாலிசிஸைப் பற்றிச் சொல்வதா? அம்மாவைக் கரைத்த கை இன்னும் காயவில்லை. சாம்பசிவன் தார்ப்பாயை உருவினார். சுருட்டி டிக்கியில் வைத்தார்.

“உட்காரு.”

வழி முழுக்க வேஷ்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்ததாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விஜயம் ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாம்பசிவன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

ஒன்றும் இல்லை. இன்ஜின் சத்தமும் இல்லை, மஞ்சள் விளக்கும் இல்லை. அந்த இடம் இருட்டாக இருந்தது. மறுபடி திருப்பினார். இத்தனை நாளும் அணைய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட விளக்கை, ‘ஒரு தடவை எரியட்டுமே பகவானே’ என்று வேண்டிக்கொண்டு திருப்பினார். பானட்டைத் திறந்து பேட்டரி முனைகளை ஆட்டிவிட்டு வந்து திருப்பினார். பிஜுவுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை.

“சொல்லியிருக்கலாம் நான். பெங்களூர்ப் பிள்ளை, சொன்னாப் புரிஞ்சுண்டிருப்பான்” என்றார் முன்னால் பார்த்தபடி.

“சொல்லாதது நல்லது” என்றாள் விஜயம். “நாளைக்கு என்னையும் இதிலேதானே கடலுக்குக் கொண்டுபோவேள்.”

சாம்பசிவன் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

அவளே கதவைத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. அவர் இறங்கி வந்து வெளியிலிருந்து இழுத்துத் திறந்துவிட்டார். பிறகு மூலைவரை ஓடி ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்தார். “பதுக்கப் போப்பா, மெள்ளப் போ” என்று ஏறுவதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லிவிட்டார். குலுக்கல் தெரியாமல் இருக்க விஜயத்தின் தலையைத் தம் தோளில் சாய்த்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனை திரும்பும்போது அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

“வண்டியைப் பூட்டினேளா?”

“அது தானே பூட்டிக்கும்” என்றார் சாம்பசிவன்.