சங்கு ஊதுமுன் தட்டிய குண்டான்

ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரம் முனிரத்தினத்துக்குத் துணை இரண்டே உயிர்கள். மணி என்கிற நாய், கருப்பி என்கிற பன்றி. மனைவி சுந்தரி செத்து மூன்று வருஷம். மகன் மதியழகன் ஓசூரில். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். தோல் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று ஓய்ந்த மனுஷன், பேச்சுத் துணைக்கு வேறு எங்கே போவார்?

சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி சங்கு ஊதும். கேன்டீனில் மிஞ்சிய சோற்றை வாங்கி வந்து, குண்டான் விளிம்பைக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவார். ஆற்று முள்புதரிலிருந்து கருப்பி ஓடி வரும்.

பக்கத்து வீட்டுப் பெருமாளுக்கு இது பொறுக்காது.

"நாய்க்குத்தான்யா அறிவு. பன்னிக்கு இன்னா தெரியும்?"

"படல் கொக்கிய மூக்கால தூக்கித் தொறக்குது. மணி, தொறந்த கதவுலகூட வான்னு சொன்னாத்தான் வருது."

வருஷக்கணக்காக இந்த வழக்குத் தீரவில்லை.

ஊருக்குள் பன்றி கூடாதென்று நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுவாரம் காலை பத்து மணிக்குப் பிடிக்கிற ஆட்கள் வண்டியோடு வந்தார்கள்.

"நீயே கூப்டு பெருசு. வலை போட்டா கால் ஒடிஞ்சிடும்" என்றான் ஒருத்தன்.

கால் ஒடிவதை முனிரத்தினத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தானாக வந்து ஏறினால் அடிபடாதே என்று நினைத்தார். நல்லது செய்கிற நினைப்பில்தான் அவர் குண்டானைத் தட்டினார்.

மணி முதலில் ஓடி வந்தது. கருப்பி பாதி தூரம் வந்து நின்றது. சங்கு ஊதவில்லை. வண்டியைப் பார்த்தது, குண்டானைப் பார்த்தது, கடைசியில் அவரைப் பார்த்தது. திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. மத்தியானம் வரைக்கும் முள்ளில் கிழிபட்டுத் தேடியவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சாயங்காலம் சங்கு ஊதியதும் ஆசையாகத் தட்டினார். மணி மட்டும் வந்தது. மறுநாளும் அப்படித்தான்.

நாலாம் நாள் தட்டாமல், குண்டானைப் புதரோரம் வைத்துவிட்டு வந்தார். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பருக்கை இல்லை, சுற்றிலும் கருப்பியின் குளம்புத் தடம். ஒருநாள் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றார். அன்றைக்குச் சோறு அப்படியே கிடந்தது.

பெருமாள் கேள்விப்பட்டு வந்தார்.

"ஒத்துக்குறேன்யா. பன்னிக்குத்தான் அறிவு ஜாஸ்தி."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனால் முனிரத்தினம் குனிந்து, காலடியில் சுருண்டு கிடந்த மணியின் காதைத் தடவினார்.

"இதுக்குக் கம்மிதான் பெருமாளு. அதான் இன்னும் எங்கூட இருக்குது."