முருங்கைக்கீரையும் என் மனைவியின் மாத்திரையும்

எண்பதுகளின் நடுவில் என் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை முடிந்து, கெர்லிங் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அழைத்துவந்தேன். வால்வில் இரத்தம் கட்டிவிடாமலிருக்க, இரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிடவேண்டும். "கீரையைத் திடீர்னு கூட்டிடாதீங்க, மாத்திரை வேலை செய்யாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

லயத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இரத்தம் நீர்த்தால் ஆளே போச்சு என்று நம்புகிறவர்களிடம், அதை நீர்க்கவைக்க ஒரு மருந்து என்றால் யார் கேட்பார்கள்? பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் அங்கே முருங்கைக்கீரை சூப்புதான்.

ஒருநாள் பல் துலக்கும்போது அவளுக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. கையிலும் அங்கங்கே கன்றியிருந்தது. மாமியார் பார்த்துவிட்டார்.

"பாருங்க மாப்பிள்ள, ரத்தமெல்லாம் தண்ணியாப் போச்சு."

"மாத்திரையால வர்றது அத்த. டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

"கேளுங்க. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதுலா."

நான் ரவாங் தொழிற்சாலைக்குக் கிளம்பியதும் அடுப்பில் கீரை ஏறிவிடும். சில நாளில் ஈறில் இரத்தம் நின்றது. அதுதான் வினை. மாமியாரின் கைராசியை லயமே மெச்சியது. பக்கத்து வீடுகளிலிருந்தும் கிண்ணங்கள் வரத் தொடங்கின. கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினால் அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

"ஆசையா குடுக்குறாங்க, எப்படி வேணாங்கிறது?" என்பாள் மனைவி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் காட்டுவது? எல்லோரும் அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் செய்தார்கள்.

அடுத்த இரத்தச் சோதனைக்கு முன்பே, ஒரு காலையில் அவள் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு வரவில்லை. தோட்டத்து லோரியில் கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"வால்வுல ரத்தம் கட்டி, மூளைக்குப் போயிருக்கும் போல" என்றார் அங்கிருந்த டாக்டர். "கீரை அதிகமா சாப்பிட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். மகளின் விளங்காத கையை அவர் பிடித்திருந்தார்.

"ஒரு வேளகூட தவறல டாக்டர். நானே ஊட்டிவிட்டேன். இங்கயும் கொண்டாந்து குடுக்கட்டுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கீரைதான் காரணம் என்று மாமியாரிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். கட்டிலில் கிடந்தவள் என்னையே பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.