வராத சிஸ்டத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். ஸ்டூலில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவர். ஜெராக்ஸ் மிஷின் மேல் சாய்ந்துகொண்டு மரக்காணத்து உப்பள முதலாளி. தரையில் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பரப்பி உட்கார்ந்திருந்த பாண்டிச்சேரி சர்வீஸ்காரர். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கும் திரைக்குப் பின்னால் என் மனைவி. அவள் ஆள் தெரியாவிட்டாலும் குரல் வந்துகொண்டே இருந்ததால் அவளையும் சேர்த்துத்தான் ஐந்து. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது, அதைச் சேர்க்கவில்லை. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. யார் யார் சாட்சி என்று பிற்பாடு பேச்சு வந்தது.

2005, மே மாதம். பருவம் தப்பிய மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றிருந்தது. பாத்தியில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்துபோன துக்கத்தில் முதலாளி வந்திருந்தார். ஜெராக்ஸ் எடுக்க அவரிடம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனால் சம்சாரம் கணக்குக் கேட்பாள் என்று இங்கே நின்றார்.

கடை கூனிமேட்டில், ஈசிஆர் ரோட்டோரம். ஒரு போன், ஒரு ஜெராக்ஸ், போன் லைனிலேயே நெட் வரும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். கம்ப்யூட்டர் மச்சான் பணத்தில் வந்தது. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் பழசாக விற்றதை வாங்கிக் கொடுத்து, “இத வெச்சு பொழைச்சுக்கோ” என்றார். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது என்பதால் அதன் மேல் ஒரு பெட்ஷீட், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவைத்தேன். உப்புக் குவியலுக்குப் போடுவதுபோல மேலே கீற்றும் போடலாம் என்று நினைத்தேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

வந்த வேலை முக்கால்வாசி வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பயோடேட்டா. அங்கேதான் எனக்குச் சிக்கல். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டி டைப் அடிக்க எப்படியோ பழகிவிட்டேன், பயம்தான் போகவில்லை. கடை திறந்த முதல் மாதம் ஒருவருக்கு முழுப் பக்கம் அடித்து முடித்தேன். சென்னையில் அவருக்கு அன்றைக்கே இன்டர்வியூ. எதைத் தொட்டேனோ தெரியாது, பக்கம் முழுக்கக் கறுப்பானது. அடுத்த விரல் பட்டதும் எல்லாம் போய், மேல் மூலையில் ஒரே ஒரு ‘a’ மட்டும் நின்றது. அவருடைய பெயர், படிப்பு, அவர் அப்பா பெயர், ஆறு வருட அனுபவம் எல்லாம் அந்த ‘a’வுக்குள் போய்விட்டது. கடைசியில் வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் என் கையெழுத்துதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதிலிருந்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயரை அடித்ததும் ஒரு பிரின்ட். விலாசம் அடித்ததும் இன்னொரு பிரின்ட். போனாலும் பேப்பரில் இருக்குமே. சேவ் பண்ணினால் போதும் என்றார்கள். பண்ணினேன். ஆனால் சேவ் ஆனது எங்கே போய் உட்காருகிறது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாத இடத்தை எப்படி நம்புவது? ஒரு பயோடேட்டாவுக்கு வாங்குவது இருபது ரூபாய். என் வழியில் அதற்குப் பதினோரு பேப்பர் போனது. மை தனி.

மச்சான் லீவில் வந்த மூன்றாம் நாளே பேப்பரை எண்ணிவிட்டார். ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தது அதைப் பற்றிப் பேசத்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் சர்வீஸ்காரர் பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து என்னைப் பார்த்தார்.

“பாய், இதப் பாத்தீங்களா? புது சிஸ்டம் வருது. இப்ப கம்ப்யூட்டருக்குள்ள ஓடுதே, அதுக்குப் பதிலா. என்னென்ன மாத்தம்னு நெட்ல போட்டிருக்கான்.”

“படிங்க, கேப்போம்,” என்றார் முதலாளி. வீட்டுக்குப் போகாமலிருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

“மொதல்ல, எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும் சார். ஸ்க்ரீன்ல ஒண்ணு தொறந்திருந்தா அதுக்குப் பின்னாடி இருக்கறதும் மங்கலா தெரியும்.”

“பின்னாடி இருக்கறது தெரிஞ்சா முன்னாடி இருக்கறத எவன் பாப்பான்?” என்றார் முதலாளி.

சர்வீஸ்காரர் அடுத்ததற்குப் போனார். “தேடுறது. ரெண்டு எழுத்து அடிச்சாப் போதும், எங்க இருந்தாலும் எடுத்துக் குடுத்துடும்.”

“மூணு லோடு உப்பு வாங்கிட்டுக் காணாமப் போனவன் ஒருத்தன் இருக்கான். முழுப் பேரே தர்றேன்.”

“கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது மட்டும்தான் சார்.”

“உள்ள இருக்கறது எங்கப்பா போயிடும்?” என்றார் முதலாளி. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்த ‘a’தான் ஞாபகம் வந்தது.

“நாம பேசினா அதுவே டைப் பண்ணிக்கும். ஆனா இங்கிலீஷ்ல பேசணும்.”

“அப்ப நம்ம மாப்ளைக்கு வாய் வலி வராது,” என்றார் மச்சான்.

“ஓரமா ஒரு பட்டை இருக்கும். கடிகாரம், வெயில், மழை எல்லாம் அதுல காட்டும்.”

முதலாளி ஜெராக்ஸ் மிஷினிலிருந்து நிமிர்ந்தார். “மழையா? என்னிக்குப் பேயும்னு சொல்லுமா?”

“நெட் போட்டா சொல்லும்.”

“மரக்காணத்துக்கு?”

சர்வீஸ்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “சென்னைக்குச் சொல்லும்.”

“சென்னையில பேஞ்சா அடுத்து இங்கதான. அது போதும். பாய், இத வாங்கிடு.”

“கடைசியா ரெண்டு,” என்றார் சர்வீஸ்காரர். “தப்பா அழிச்சிட்டா, நேத்து இருந்த பழைய காப்பிய திருப்பி எடுக்கலாம். அப்புறம், முக்கியமா எது செய்யறதா இருந்தாலும் முதல்ல நம்மளக் கேக்கும். நிஜமா செய்யட்டுமான்னு. சரின்னாத்தான் செய்யும். நெட்ல படிச்சவங்க எல்லாரும் இதத்தான் தொல்லைன்னு திட்டுறாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். உலகத்தில் எங்கேயோ ஒரு கூட்டம் உட்கார்ந்து எனக்காகவே ஒரு மிஷினுக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“அந்த மாதிரி வூட்ல ஒண்ணு இருக்குது,” என்றது திரைக்குப் பின்னால் குரல். “கடைக்கு இன்னொண்ணு எதுக்கு?”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “எப்ப வருது?”

“அடுத்த வருஷக் கடைசிக்குள்ளன்னு சொல்றாங்க.”

மச்சான் எழுந்து நின்றார். “நானும் அடுத்த வருஷக் கடைசியிலதான் வருவேன். அதுவரைக்கும் டைம் தர்றேன் மாப்ள. நான் வர்றப்பவும் பதினோரு பேப்பர் போச்சுன்னா, மிஷின அந்த குயிலாப்பாளையத்து ஆளுக்கே திருப்பித் தள்ளிடுவேன். நீ முதலாளிகிட்ட மூட்டை தூக்கப் போ.”

“என்கிட்டயா?” என்றார் முதலாளி. “இவன் ஒரு மூட்டைய தூக்குறதுக்குள்ள அத மூணு தரம் எண்ணுவானே.”

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்போதே முதலாளிகள் அடுத்த பருவத்துக்கு ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். வாங்கினவர் தை பிறந்ததும் அந்தப் பாத்திக்குத்தான் முதலில் வர வேண்டும். கொடுத்த பணம் வேலையில் கழிந்துகொண்டே போகும். அட்வான்ஸ் கைமாறாதவரை எதுவும் நிச்சயமில்லை. கைமாறிவிட்டால் வந்த மாதிரிதான்.

ஆகவே நான் கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்துச் சர்வீஸ்காரரிடம் நீட்டினேன்.

“என்னாதுங்க இது?”

“அந்த சிஸ்டம் வந்ததும் மொதல்ல நம்ம கடைக்கு வந்து போடணும்.”

“வராத பொருளுக்கு எதுக்கு பாய் காசு?”

“வந்தப்புறம் குடுத்தா அது அட்வான்ஸா?” என்றார் முதலாளி.

சர்வீஸ்காரர் பாண்டிக்காரர், வழக்கம் தெரியாது. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் அவரால் தடுக்க முடியவில்லை. சட்டைப் பையில் திணித்துவிட்டேன்.

அந்த வருடம் நிம்மதியாகப் போனது. வந்த கஸ்டமர் எல்லோரிடமும் புது சிஸ்டத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு தொந்தரவும் வந்தது. துபாயில் இருக்கிற வீட்டுக்காரருடன் நெட்டில் பேச வரும் ஒரு அம்மா, “கண்ணாடி மாதிரி ஆயிட்டா பின்னாடி உங்க அடுப்படி எல்லாம் அவருக்குத் தெரியுமா பாய்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவி அன்றைக்கே மெல்லிய திரையைக் கழற்றிவிட்டுக் கனத்த போர்வையை மாட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

சர்வீஸ்காரர் மாதம் ஒருமுறை எங்கள் பக்கம் வருவார். பஸ்ஸிலிருந்து அவர் கால் தரையில் படும்போதே கேட்பேன், “வந்துடுச்சா?”

“இல்ல பாய்.”

வந்ததற்கு மவுஸை மாற்றுவார், துருவைத் துடைப்பார். கூலியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வேன்.

2006 பங்குனியில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னார். “பாய், தள்ளிப்போட்டுட்டாங்க. அடுத்த ஜனவரிதான்.” பஸ் போய்விட்டது.

நான் அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினேன். மச்சான் வருவது நவம்பர். சிஸ்டம் வருவது ஜனவரி. நடுவில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் மிஷின் குயிலாப்பாளையம் போய்விடும். அப்புறம் சிஸ்டம் வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“நம்ம அட்வான்ஸ் பத்தலையோ?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“ஆமா, இன்னொரு ஐந்நூறு குடுத்திருந்தா இந்நேரம் பறந்து வந்திருக்கும்.”

இதற்கு நடுவில் இன்னொரு சேதி. நம் சர்வீஸ்காரர் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் கடைக்கும் போகிறார். அங்கே முதலில் போட்டுவிட்டால்? முதலாளியிடம் ஓடினேன். அடுத்த மாதம் சர்வீஸ்காரர் இறங்கியபோது முதலாளி கடையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“ஏம்பா, அட்வான்ஸ் வாங்கின பாத்திய விட்டுட்டு அடுத்த பாத்தில எறங்கலாமா?”

“சார், நான் உப்பு வார்றவன் இல்ல. நான் எங்க வாங்கினேன்? இவரு பையில திணிச்சாரு.”

“நான் சாட்சி. இவன் மச்சான் சாட்சி, துபாய்ல இருக்காரு, வேணும்னா போன் போடு. உள்ள இருக்கற தங்கச்சி சாட்சி.”

“நான் பாக்கல,” என்றது போர்வைக்குப் பின்னால் குரல். “கேட்டேன்.”

“அய்யோ, மீதிய வாங்கிக்கங்க பாய்,” என்று சர்வீஸ்காரர் பணத்தை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்கினால் சிஸ்டம் வராது என்று ஆகிவிடும். அவர் மேஜையில் வைத்தார். நான் எடுத்து அவர் பையில் போட்டேன். அவர் ஜெராக்ஸ் மேல் வைத்தார். நாலு சுற்று இப்படியே நடந்தது.

முதலாளிதான் முடித்துவைத்தார். “எழுத்துல வெச்சுக்கலாம். சிஸ்டம் வந்தா மொதல்ல கூனிமேடு, அப்புறம்தான் மரக்காணம். நீயே அடி, கையெழுத்துப் போடு, வூட்டுக்குப் போ.”

சர்வீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மடமடவென்று முக்கால் பக்கம் அடித்தார். நான் பிரின்ட் எடுக்கலாமா என்று கேட்பதற்குள், கோபத்தில் அவர் விரல் எங்கேயோ பட்டது. பக்கம் கறுப்பானது. அடுத்த விரல் பட்டதும் எல்லாம் போய், மேல் மூலையில் ஒரே ஒரு எழுத்து.

“போச்சு,” என்று கத்திவிட்டேன். வாசல் நாய் எழுந்து நின்றது.

சர்வீஸ்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையால் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினார். போன முக்கால் பக்கமும் வந்து நின்றது. அவர் மேற்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்.

“இருங்க,” என்றேன். “இது எப்ப வந்துது?”

“எது?”

“போனது திரும்பி வந்துதே.”

“இதா? இது மொதல்லேர்ந்தே இருக்குதே பாய். உங்களுக்குத் தெரியாதா?”

 போர்வைக்குப் பின்னால் சிரிப்பு ஆரம்பித்தது. பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது, அப்புறமும் நிற்கவில்லை.

முதலாளி மெதுவாகக் கேட்டார், “அப்ப மழை சொல்றதும் இதுல முன்னாடியே இருக்குதா?”

அது இல்லை. அவர் ஏமாற்றத்தோடு கிளம்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நான் ஒரு பக்கத்தை அடித்து அடித்து அழித்தேன். கறுப்பாக்கினேன், ‘a’ போட்டேன், இரண்டு கீயை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் வந்தது. முப்பது தடவைக்கு மேல் பார்த்தேன். சலிக்காமல் வந்தது. ஆறு வருட அனுபவத்தோடு அந்த ‘a’வுக்குள் போனவரை நினைத்தபோது மட்டும் கை நின்றது.

நவம்பரில் மச்சான் வந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்து, என் முதுகுக்குப் பின்னால் பேப்பரை எண்ணினார். ஒரு பயோடேட்டா அடித்து முடித்தேன்.

“ரெண்டு போயிருக்குது,” என்றார்.

“ஒண்ணு கஸ்டமருக்கு. ஒண்ணு என் மன நிம்மதிக்கு.”

அவர் இரண்டு தாளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, ரெண்டுன்னா தாங்கும்,” என்றார். மிஷின் கடையிலேயே நின்றது.

புது சிஸ்டத்தைப் பற்றிச் சர்வீஸ்காரர் டிசம்பரில் சொன்னார். அதற்கு இருக்க வேண்டிய மெமரியில் கால்வாசிகூட எங்கள் மிஷினில் இல்லையாம். போட்டாலும் இது தாங்காதாம். எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. புதுசு வந்தால் அதில் எந்தக் கீ எங்கே இருக்குமோ.

அந்த ஐந்நூறில் மவுஸுக்கு அறுபது, கீபோர்டுக்கு நூற்றைம்பது, மூன்று தடவை துரு துடைத்ததற்கு நாற்பது நாற்பதாக நூற்றிருபது கழித்தாயிற்று. மீதியைக் கொடுக்கிறேன் என்று அவர் இன்னமும் சொல்கிறார். என்றைக்காவது புது மிஷின் வாங்கினால்? நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவரிடம் நிற்பது நூற்றெழுபது ரூபாய்.